பத்து நிமிஷத்துக்கு எத்தனை லாரி

நாற்பத்தேழு கறுப்புக் கட்டங்கள்.
கட்டத்துக்கு ஒரு பெயர். சிலதில் முதலெழுத்து மட்டும்.
ஒன்றில் ‘அம்மா புது நம்பர்’ என்றிருக்கிறது;
யாருடைய அம்மா என்று செமஸ்டர் பாதி போயும் தெரியாது.
“கேக்குதா?” என்கிறேன்.
ஒரு கட்டைவிரல் எழும்பி, மறைகிறது.

காலடிப்பேட்டை, மாடியறை.
பீரோவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
பாய்சான் பரவல் நடத்துகிறேன்.
லாம்டா என்றால் சராசரி என்று சொன்னால்
சராசரி என்று சுவர் சொல்கிறது.
கௌரவ விரிவுரையாளருக்கு மணிக்கணக்கில் சம்பளம்,
மௌனத்துக்கும் சேர்த்து.
வருகைப்பதிவு தொண்ணூற்றாறு சதவீதம்.
வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
வாக்கெடுப்பு வைத்தேன்:
முதல் ஆள் ‘ஆ’ அழுத்தியதால் எல்லாரும் ‘ஆ’.
நால்வர் நால்வராய்ப் பிரித்து அறைகளில் விட்டேன்:
எட்டிப் பார்த்த அறையிலெல்லாம்
லிப்டுக்குள் மாட்டிய அந்நியர்கள் மாதிரி நான்கு பேர்,
மேலே ஓடும் எண்ணைப் பார்த்தபடி.

அந்தச் செவ்வாய்க்கிழமை
டில்லிபாபுவின் மைக் கைதவறித் திறந்துகொண்டது.
ஏர்ஹாரன். அதற்குப் பின்னால் இன்னொன்று.
“ஓரமா நில்லு நைனா” என்று யாரோ.
எண்ணூர் விரைவுச் சாலை மொத்தமும்
என் பாடத்துக்குள் புகுந்து, பிரேக் அடித்து,
புழுதியோடு போயே போய்விட்டது.
“சாரி மிஸ்” என்று எழுத்தில் வந்தான்.

“மூடாதே. எண்ணு.”
“இன்னாத்த மிஸ்?”
“லாரியை. பத்து நிமிஷத்துக்கு எத்தனைன்னு.”

அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொன்றை எண்ணி வரச் சொன்னேன்.
பெனடிக்டா, காசிமேட்டில் கரை சேரும் பைபர் படகுகளை.
நூருல் ஐன், மண்ணடிச் சந்தில் திரும்பும் மீன்பாடி வண்டிகளை.
வியாசர்பாடி ஜெபசீலன், தன் தங்கச்சி போடும் சண்டைகளை,
மணிக்கு லாம்டா இரண்டரை.
புளியந்தோப்பிலிருந்து மோனிஷா,
தெருவுக்கு வரும் தண்ணி லாரியை.
ஞாயிறு பூஜ்யம். திங்கள் பூஜ்யம். செவ்வாய் பூஜ்யம்.
“பூஜ்யத்தையும் எழுதணுமா மிஸ்?”
எழுதணும், அதுவும் எண்ணிக்கைதான் என்றேன்.
சொல்லிவிட்டுக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தேன்,
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா புது நம்பர் எழுதினாள்:
“மிண்ட்ல மெடிக்கல் ஷாப்புல நிக்கிறேன் மிஸ்.
ஓனர் பாப்பாரு, கேமரா போட முடியாது.
ஒரு காதுல நீங்க.
வந்தவங்கள எண்ணுனேன். நாலு, ரெண்டு, ஒண்ணு, ஏழு.
ஏழு பேர் நின்னப்போ நீங்க சொன்னது ஒண்ணும் ஏறல.
திரும்பச் சொல்றீங்களா? பேரு தீபலட்சுமி.”

திரும்பச் சொன்னேன். பாதியில் டில்லிபாபு குறுக்கே விழுந்தான்:
“உங்க பார்முலா நம்ம ரோட்டுல வேலைக்கி ஆவாது மிஸ்.
ஒண்ணு வர்றது இன்னொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்றீங்க.
இங்க ஆர்பர் கேட்டு தொறந்தா பன்னெண்டு,
மூடுனா ஈ காக்கா இல்ல.”
மீன்பாடி வண்டிக்கு ஒத்துவருதே என்றாள் நூருல் ஐன்.
படகும் கும்பலாத்தான் வருது, ஏலத்துக்கு என்றாள் பெனடிக்டா.
“என் தங்கச்சியும் அப்டித்தான்,
ஒரு சண்டை இன்னொன்ன இஸ்துக்கினு வரும்.”
கட்டத்துக்குக் கட்டம் பச்சை ஓரம் தாவியது.
குக்கர் விசில், பாங்கு, ரயில், யார் வீட்டு நாயோ.
நாற்பது நிமிஷத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று வாக்கியம்.
மூன்றையும் சொல்லி முடித்த பிறகு
“மிஸ், மியூட்ல இருக்கீங்க” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை துறையிலிருந்து படிவம் வந்தது.
மாணவர் ஈடுபாடு: ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வெளியே ஒரு லாரி.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு சேர்ந்தாற்போல் நான்கு.